ஆப்பிளும் சீஸும் சேர்த்துச் சுடும் ஸ்கோன் (பன் மாதிரியான சின்ன பிரிட்டிஷ் பலகாரம்) ஏன் உப்பாமல் கல் மாதிரி ஆகிறது?

பெரும்பாலும் பிசைவதுதான் காரணம். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகிவிடும். 225 கிராம் மைதா, 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடரில் 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துக் கலந்துவிடுங்கள். அப்புறம் 75 கிராம் துருவிய செடார் சீஸ், பொடியாக நறுக்கிய ஒரு ஆப்பிள். ஆப்பிளைத் துருவ வேண்டாம். துருவினால் அதிலிருந்து தண்ணீர் வெளியேறி நடுப்பகுதி வேகாமல் போகும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். 2.5 செ.மீ. கனத்துக்குத் தட்டி, வெட்டும் அச்சைத் திருகாமல் நேராக அழுத்துங்கள். திருகினால் கோணலாக எழும்பும். நன்கு சூடேறிய ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். செடாருக்குப் பதில் மொசரெல்லா சீஸ் மட்டும் வேண்டாமே, இழுபடுமே தவிர ஆப்பிளின் இனிப்புக்கு ஈடுகொடுக்கும் அழுத்தமான சுவை அதில் கிடையாது.