கையில் இட்லி கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 மாதம். இதுவரை கஞ்சியும் ராகிக் கூழும் ஸ்பூனில் ஊட்டினோம். இப்போது எங்கள் தட்டில் இருப்பதைப் பிடுங்க வருகிறாள். இட்லி, சப்பாத்தியைக் கையில் கொடுக்கலாமா? "பல் வரட்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்" என்கிறார் மாமியார். அடுத்த மாதம் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேறு சேர்க்கப்போகிறோம். (செங்காங் வாசகி)

பதில்: பல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஈறே நன்றாக மசிக்கும். லேசான தாங்கலோடு நிமிர்ந்து உட்கார்ந்து, தலை ஆடாமல், எடுத்ததை நேராக வாய்க்குக் கொண்டுபோனால் குழந்தை தயார். அதற்காக மாமியாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். விரலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் வாய்க்குள் மெத்தென்று இருக்காது.

இட்லியே இதற்கு நல்ல உதாரணம். ஆறிய இட்லி எச்சிலை உறிஞ்சி, மாவு உருண்டையாகி மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் நாக்கால் அதைத் தள்ள முடியாது. எனவே ஒரு இட்லியை உங்கள் விரல் நீளத்துக்கு மூன்று துண்டாக நறுக்கி, மேலே இரண்டு ஸ்பூன் உப்பில்லாத பருப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் விட்டுக் கொடுங்கள். அதற்கு மேல் ஊறினால் பிடித்த பிடியிலேயே உதிர்ந்துவிடும். கடையில் வாங்கும் பாக்கெட் மாவில் உப்பு சேர்த்திருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம், தேன் அறவே கூடாது.

சப்பாத்திக்கு அவசரப்படாதீர்கள். அது ரப்பர் போல இழுபடும், ஈறால் கிழிக்க வராது. 9, 10 மாதத்தில் பருப்பில் நன்றாக ஊறவைத்துச் சிறு துண்டுகளாகத் தரலாம். உதிரியான புட்டு வேண்டாம். இடியாப்பத்தை நறுக்கிப் பருப்பில் குழைத்து ஸ்பூனில் ஊட்டுங்கள்.

துண்டு ஏன் நீளமாக இருக்க வேண்டும்? 7 மாதக் குழந்தை முழுக் கையால்தான் பிடிக்கும். முஷ்டிக்குள் இருப்பதை விரித்து எடுக்கத் தெரியாது. முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் கடிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்கியதும் (பெரும்பாலும் 9 மாதம் வாக்கில்) கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளுக்கு மாறலாம். அளவுதான் கொண்டைக்கடலை, கொண்டைக்கடலையை முழுசாகக் கொடுக்கக் கூடாது, நசுக்கித்தான் தர வேண்டும்.

காய்களில் பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட் மூன்றும் நல்ல தொடக்கம். விரல் கனத்தில் நறுக்கி ஆவியில் வையுங்கள்: பூசணி சுமார் 10 நிமிடம், மற்ற இரண்டும் சுமார் 15. கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். இரண்டு விரலுக்கு நடுவே லேசாக அழுத்தியதும் மசிய வேண்டும். பழுத்த பப்பாளி வழுக்கினால் ராகி மாவை வறுத்து லேசாகப் புரட்டிக் கொடுங்கள், பிடி கிடைக்கும்.

கஞ்சியும் காயுமாகவே நாளை ஓட்டிவிடாதீர்கள். 6 மாதத்துக்குப் பின் பிறவிச் சேமிப்பு குறைவதால் இரும்புச்சத்து உணவிலிருந்து வர வேண்டும். பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, மூடிபோட்டுக் கனமான தோசையாகச் சுட்டுப் பட்டை பட்டையாக நறுக்கலாம். மொறுமொறுப்பு வந்தால் ஓரத்தை வெட்டிவிடுங்கள். கூடவே பப்பாளியோ ஆரஞ்சுச் சாறு சில துளியோ இருந்தால் பருப்பின் இரும்பு நன்றாகச் சேரும். முழுதும் வெந்த முட்டை ஆம்லெட், முள் பார்த்து எடுத்த குராவ் மீன், மிருதுவான கோழிக் கொத்துக்கறி உருண்டை ஆகியவையும் தரலாம். உங்களுக்கான சாம்பாரிலிருந்து எடுப்பதானால் உப்பு, தாளிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டும்.

வேர்க்கடலையைத் தள்ளிப்போட வேண்டாம். மழமழப்பான வேர்க்கடலை வெண்ணெய் கால் ஸ்பூனை வெந்நீரில் கரைத்துக் கஞ்சியில் கலந்து காலையில் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். கடும் எக்ஸிமாவோ (தோல் வறண்டு அரிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முழுக்கடலை, முறுக்கு, வடை, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், முழுத் திராட்சை எதுவும் வேண்டாம்.

இனி பயத்துக்கு வருவோம். முகம் சிவந்து, சத்தமாக இருமி, ஓங்கரித்தால் அது குமட்டல். குழந்தை தானே தள்ளிவிடும், விரலை உள்ளே விடாதீர்கள். சத்தமே வராமல், அழ முடியாமல் போனால் அது மூச்சடைப்பு, உதடு நீலமாகும்வரை காத்திருக்காதீர்கள். தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தல், வெளியே வரும்வரை மாறி மாறி. ஒருவர் 995-ஐ (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழைக்கட்டும். இதை மாமியாரும் பணிப்பெண்ணும் முதலுதவி வகுப்பில் ஒருமுறை செய்து பழகிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

நிலையத்தில் வீட்டுச் சாப்பாட்டை ஏற்பார்களா, வேர்க்கடலைக்குத் தடை உண்டா என்று சேர்க்கும்முன் கேளுங்கள். அனுமதித்தால் இட்லியையும் பருப்பையும் தனித்தனி டப்பாவில் கொடுங்கள். ஏர்கானில் இட்லி இறுகிவிடும். கொடுக்கும்முன் மூன்று நிமிடம் ஆவியில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில், பருப்பை அப்போதுதான் ஊற்றச் சொல்லுங்கள்.