கணினி பரவாத காலத்தில் ரஜினியும் கார்ட்டூன் விலங்குகளும் ஒரே காட்சியில் வந்தது எப்படி?

நீங்கள் கேட்பது 1989-இல் வந்த ஏவி.எம்.மின் 'ராஜா சின்ன ரோஜா'. எஸ்.பி. முத்துராமன் இயக்கியது. அதில் ரஜினி குழந்தைகளோடு காட்டுக்குப் போகும் பாட்டில்தான் கார்ட்டூன் விலங்குகள் வரும். வரைகலைப் பொறுப்பு ராம் மோகனுடையது. இந்திய அனிமேஷனின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள்.

அந்தக் காலத்து முறை இதுதான். முதலில் நடிகர்களை மட்டும் படம் பிடிப்பார்கள். பிலிமில் ஒரு நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அதன்மேல் தாளை வைத்து, நடிகரின் கையும் கண்ணும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து விலங்கை வரைய வேண்டும். பிறகு அதைக் கண்ணாடி போன்ற தாளில் நகலெடுத்து வண்ணம் தீட்டி, நடிகர்கள் இருக்கும் பிலிமோடு சேர்ப்பார்கள். கோடு சற்றே நகர்ந்தாலும் விலங்கு தரையில் நிற்காமல் மிதக்கும்.

என்னைக் கேட்டால் நடிகர்கள் பாடுதான் இன்னும் கஷ்டம். எதிரே வெறும் காற்று. அங்கே ஒரு யானை நிற்பதாக நினைத்து, அதன் கண் இருக்கும் உயரத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பெரியவர்களுக்கே பார்வை தப்பும். அத்தனை குழந்தைகளையும் ஒரே இடத்தைப் பார்க்க வைப்பது லேசுப்பட்ட வேலையா? அடுத்த முறை பார்க்கும்போது விலங்குகளை விட்டுவிட்டுக் குழந்தைகளின் கண்களை மட்டும் கவனியுங்கள்.