மியாவடியில் சிக்கிய தம்பிக்கு ஐ.நா.வா, இன்டர்போலா? யாரிடம் போவது?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் கடலூர் முதுநகர்க்காரர். புதுச்சேரியில் இருக்கும் ஏஜென்ட் ஒருவர், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அவருடைய தம்பியை அனுப்பியிருக்கிறார். இப்போது தம்பி, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மரின் மியாவடியில் ஒரு காம்பவுண்டுக்குள் அடைபட்டு, ஆன்லைன் மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கும் இன்டர்போலுக்கும் மெயில் போட்டும் பதில் வரவில்லை. "எல்லா அமைப்பும் சேர்ந்து வேலை செய்கிறது என்கிறார்களே, யாரைப் பிடித்தால் நடக்கும்?"

சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். ஆனால் போலீஸ் பக்கத்து ஒத்துழைப்பு தொடங்க வேண்டுமென்றால், முதலில் உங்கள் ஊர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். இன்டர்போல் என்பது 196 நாட்டுப் போலீஸ் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பி. லியோனில் இருக்கும் அதன் தலைமையகம் தனிநபர் புகாரை விசாரிக்காது, ஆளையும் கைது செய்யாது. இந்தியாவில் அந்தக் கம்பியின் முனை டெல்லி சி.பி.ஐ. கையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய பாரத்போல் தளம் வழியாக மாநிலப் போலீஸ் சி.பி.ஐ.க்குக் கோரிக்கை அனுப்பலாம். அதை அனுப்ப வழக்கு எண் வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுத்தது கடலூரில், ஏஜென்ட் இருப்பது எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், குற்றம் நடப்பது மியான்மரில். "அங்கே போங்க" என்று இரண்டு பக்கமும் அலைக்கழிப்பார்கள். அலையாதீர்கள். பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். மறுத்தால் 173(4)-ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

எந்தப் பிரிவில் பதிவாகிறது என்பதை விட்டுவிடாதீர்கள். 'ஆளைக் காணவில்லை' என்றோ வெறும் 'பண மோசடி' என்றோ பதிந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 143, அதாவது ஆள் கடத்தல், வர வேண்டும். ஆள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையைப் போலவே இதுவும் மூன்றைக் கேட்கிறது: ஆளைச் சேர்த்தது அல்லது கொண்டுபோனது, அதற்கு ஏமாற்றையோ மிரட்டலையோ பயன்படுத்தியது, சுரண்டும் நோக்கம். மூன்றும் மனுவில் தெரிய வேண்டும்.

"கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. பாஸ்போர்ட்டை எந்தத் தேதியில் யார் பிடுங்கினார்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை? டார்கெட் முடிக்காவிட்டால் என்ன தண்டனை? வெளியே விட எவ்வளவு கேட்கிறார்கள்? கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேச தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 அடையாளங்களில் ஆவணங்களைப் பிடுங்குவது, நடமாட்டத்தைத் தடுப்பது, கடனில் கட்டிப்போடுவது, மிரட்டல், அளவுக்கு மீறிய வேலை நேரம் எல்லாம் அடக்கம். மனுவை அந்த வரிசையில் எழுதினால் ஸ்டேஷன், தூதரகம், ஐ.நா. மூன்றுக்கும் ஒரே தாள் உதவும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விமான டிக்கெட், ஏஜென்ட்டின் எண் தெரியும்படி வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன ரசீது, தம்பி அனுப்பிய லொகேஷனும் அது வந்த தேதியும் நேரமும், ஜன்னல் வழியே தெரியும் பெயர்ப்பலகை இருந்தால் அதுவும் சேர்த்து வையுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர மேலே வாங்கக் கூடாது.

பலர் இன்டர்போலின் மஞ்சள் நோட்டீஸ் கேட்டுக் காலம் கடத்துகிறார்கள். அது காணாமல் போனவரைத் தேடுவதற்கு. இடம் தெரிந்திருக்கும்போது பாங்காக், நேபிடோ இன்டர்போல் பிரிவுகளுக்கு நேரடிச் செய்தி அனுப்பச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். தேடப்படும் குற்றவாளியைப் பிடிக்கக் கேட்பது சிவப்பு நோட்டீஸ்; ஏஜென்ட் வெளிநாட்டுக்கு ஓடியிருந்தால்தான் அது. அதற்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும், குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும். 143-க்கு 7 முதல் 10 ஆண்டு வரை உண்டு, அதனால் தடையில்லை.

மனித உரிமைப் பக்கத்துக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. ஆள் கடத்தலுக்கென்றே ஐ.நா.வில் 2004 முதல் ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறார். பொது மெயிலை விட்டுவிட்டு, 'சிறப்பு நடைமுறைகள்' என்ற பெயரில் இயங்கும் இந்த அறிக்கையாளர்களுக்கான இணையப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புங்கள். உள்நாட்டில் வழக்கை முடித்துவிட்டு வா என்ற நிபந்தனை கிடையாது. பெயரை அரசுக்குச் சொல்லலாமா, பொதுவில் வெளியிடலாமா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். முதலாவதற்குச் சரி என்றும் இரண்டாவதற்கு வேண்டாம் என்றும் சொல்வதே பாதுகாப்பு என்பேன். அறிக்கையாளர் அனுப்பும் சாதாரணக் கடிதத்துக்குப் பதில் சொல்ல அரசுகளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு, அதனால் 'அவசர முறையீடு' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஐ.நா.வோ இன்டர்போலோ காம்பவுண்ட் கேட்டுக்குள் போய் ஆளைக் கூட்டி வர மாட்டார்கள். கடுமையான உரிமை மீறல் செய்யக்கூடிய படைகளுக்கு உதவக் கூடாது என்று 2011-இல் ஐ.நா. தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. மியாவடியில் அதிகாரம் ஆயுதக் குழுக்கள் கையில் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு அங்கே நேராகக் குறுக்கே நிற்கிறது. அரசியல், ராணுவ விவகாரங்களில் தலையிட இன்டர்போலுக்கும் அதன் சாசனத்தின் 3-ஆம் பிரிவே தடை. காத்திருக்கும் குடும்பத்துக்கு இது வேதனைதான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு சரியென்றே நினைக்கிறேன். உங்கள் தம்பியை அடைத்து வைத்தவர்களுக்குக் காவலாக நிற்கும் துப்பாக்கிகளுக்கே உதவி போய்விடக் கூடாது.

அங்கே பலன் கொடுத்தது நெருக்கடிதான். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மியாவடிக்குப் போகும் மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் துண்டித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே விடப்பட்டார்கள். மார்ச்சில் இரண்டு இந்திய விமானப்படை விமானங்கள், எல்லையின் தாய்லாந்துப் பக்கத்து ஊரான மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை அழைத்து வந்தன. அப்படியொரு கதவு திறக்கும்போது உங்கள் தம்பியின் விவரம் ஏற்கெனவே தூதரகத்தில் இருந்தால் சரிபார்ப்பு சீக்கிரம் முடியும். அதனால் யாங்கூன், பாங்காக் இரண்டு இந்தியத் தூதரகங்களுக்கும் எழுதுங்கள், வெளியுறவுத் துறையின் 'மதத்' என்ற குறைதீர் தளத்திலும் பதியுங்கள், அயலகத் தமிழர் நலத் துறைக்கும் நகல் போகட்டும். பாஸ்போர்ட் போயிருந்தாலும் நகல் இருந்தால் ஊர் திரும்ப பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் வாங்குவது சுலபம்.

"உங்க தம்பியே மோசடிக்காரன்தானே" என்று ஸ்டேஷனில் கேட்டால், 2023 ஆகஸ்டில் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கையைக் காட்டுங்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று சொல்லி, அவர்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் பாதிக்கப்பட்டவர்களாக நடத்தச் சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு கட்டாயத்தால் செய்த வேலைக்குத்தான். கமிஷன் வாங்கிக்கொண்டு ஊர்ப் பையன்களை வரவழைத்திருந்தால் நிற்காது. அப்படி இருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் தம்பியின் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் ரகசியமாகப் பேசும் போனையோ லொகேஷனையோ ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். போன் பிடிபட்டால் அடி அவருக்கு.

தம்பியிடம் பேச முடிந்தால் இதை மட்டும் சொல்லி வையுங்கள். மொய் ஆறு நம் கெடிலம் மாதிரிச் சின்ன ஆறுதான், அதைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே அதிகாரிகள், ஆள் கடத்தலுக்கு ஆளானவரா என்று விசாரிப்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில் பலர் "நானாகத்தான் வந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்னால் சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று எழுதப்படும், அபராதமும் குடிநுழைவுத் தடுப்பு முகாமும்தான் மிச்சம். நடந்ததை நடந்தபடி சொல்லி, இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று அவர் கேட்கட்டும். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கிறது.