மானின் நுரையீரலில் வெள்ளைப் புழுக்கள்: காட்டு மானுக்கு மருந்து வைக்கலாமா?

கேள்வி: மொரீஷியஸில் சாமரேலை அடுத்த வேட்டைத் தோட்டத்தில் என் தம்பி சுட்ட மானை அறுத்தபோது, மூச்சுக்குழாயில் நுரைக்கு நடுவே வெள்ளை நூல் போன்ற புழுக்கள் கிடந்தன. கறியை உண்ணலாமா? அங்கே மெலிந்து திரியும் மற்ற மான்களுக்குத் தீவனத்தில் புழு மருந்து கலந்து வைக்கலாமா?

கால்நடை மருத்துவர் பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டிக்டியோகாலஸ் என்னும் நுரையீரல் புழுவாக இருக்கும். இப்புழு மனிதரைத் தொற்றுவதில்லை. நுரையீரலையும் மூச்சுக்குழாயையும் கழித்துவிட்டு, இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ணலாம். ஆனால் நுரையீரலிலோ அதன் அருகிலுள்ள நிணநீர்க் கட்டிகளிலோ மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டி போன்ற சீழ் முடிச்சுகள் தென்பட்டால் அது காசநோயாக இருக்கலாம். அந்த மானை மேலும் அறுக்காமல் அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். கழித்த நுரையீரலை நாய்களுக்குப் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். ஏனெனில் அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருந்தால், அவற்றைத் தின்ற நாயின் வழியாக அந்நோய் வீட்டுக் குழந்தைகளுக்கும் வரக்கூடும்.

நுரையீரல் புழு இடும் முட்டைகள் சளியோடு மேலேறி, விழுங்கப்பட்டு, பொரிந்த குஞ்சுப்புழுக்களாகப் புழுக்கையில் வெளியேறுகின்றன. ஈரமும் வெப்பமும் இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை தொற்றும் நிலையை அடைந்து புல்லில் ஏறிக் காத்திருக்கும். புல்லோடு உள்ளே போனவை குடற்சுவரைத் துளைத்து நுரையீரலை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் முட்டையிடத் தொடங்குகின்றன. முதல் ஆண்டுக் குட்டிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மாடுகளைப் போல மான்கள் பலமாக இருமுவதில்லை என்பதால், உடல் மெலிவும் சிலிர்த்த ரோமமும்தான் பலமுறை முதல் அறிகுறியாகக் கண்ணில் படும்.

தீவனத்தில் மருந்து கலப்பதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். தொட்டியருகே வலிய கலைமான் முதலில் வந்து வயிறு நிறையத் தின்னும்; மெலிந்த குட்டி துரத்தப்பட்டு, மருந்து மிகவும் தேவைப்பட்டும் ஒரு வாய்கூடக் கிடைக்காமல் நிற்கும். அரைகுறை அளவு, மருந்தை எதிர்த்து வாழும் புழுக்களை வளர்க்கும். மருந்து தின்ற மானை அடுத்த வாரமே எவராவது சுட்டால் அதன் எச்சம் உண்பவர் தட்டுக்கு வந்துவிடும். கூட்டத்தை ஒரே இடத்துக்கு இழுக்கும் தீவனத் தொட்டியே தொற்றையும் பெருக்குகிறது.

1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்களின் வழிவந்தவையே நம் தீவின் மான்கள். இங்கே அவற்றை வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. எனவே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது மனிதர் கையில்தான் இருக்கிறது. வேட்டைப் பருவத்தில் மெலிந்தவற்றை முதலில் கழிப்பதும், தீவன இடத்தை அடிக்கடி மாற்றுவதும், ஒரே புல்வெளியில் மந்தை நெரிசலாக மேய விடாதிருப்பதும் காட்டு மானுக்கு ஏற்ற சிகிச்சை.

வேலியிட்ட பண்ணை மான்களின் நிலை வேறு. ஐவர்மெக்டின், மாக்ஸிடெக்டின், ஃபென்பெண்டசோல் ஆகியவை நன்கு வேலை செய்யும். ஆயினும் மான் உடல் சில மருந்துகளை மாட்டைவிட விரைவாக வெளியேற்றுவதால் மாட்டுக்கான அளவை அப்படியே தரக்கூடாது. எடை பார்த்து மருத்துவரே அளவையும் இறைச்சிக்காக அறுக்கும் முன் விடவேண்டிய இடைவெளியையும் முடிவு செய்யவேண்டும். தொற்று கடுமையாக உள்ள மானில் புழுக்கள் ஒரே நேரத்தில் மடியும்போது மூச்சுத்திணறல் கூடலாம் என்பதால், மருந்திட்டபின் சில நாள் கவனித்திருங்கள்.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்போதே விழுந்த புழுக்கையைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். அங்கே அதை மெல்லிய துணியில் கட்டி வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தால், குஞ்சுப்புழுக்கள் ஊர்ந்து வெளியேறி அடியில் தங்கும். நுண்ணோக்கியில் அவற்றை அடையாளம் காண்பார்கள். பழைய புழுக்கையில் குடற்புழுக்களின் முட்டைகளும் பொரிந்து முடிவைக் குழப்பிவிடும்.