வீட்டில் செய்யும் ஆர்கேட் கேபினெட்டுக்கு (காசு போட்டு நின்றபடி விளையாடும் வீடியோ கேம் பெட்டி) ஜாய்ஸ்டிக், பட்டன், டிராக்பால் மூன்றையும் ஒரே யூஎஸ்பி போர்டில் இணைக்க முடியுமா?

ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் முடியும். டிராக்பால் (கையால் உருட்டிக் குறி வைக்கும் உருண்டை) அந்த போர்டில் முடியாது. ‘எல்லாம் பிளக் அண்ட் பிளே, அரை மணி நேர வேலை’ என்று மேலே ஒருவர் பதில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் டிராக்பாலைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

நீங்கள் ஆன்லைனில் ‘ஜீரோ டிலே’ போர்டு (பட்டன் அழுந்துவதை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), ஒரு ஜாய்ஸ்டிக், கொஞ்சம் பட்டன், ஒரு கட்டு வயர் என்று கிட்டாக வாங்கியிருப்பீர்கள். அதில் பட்டனுக்கு இரண்டிரண்டு வயராக வரும், செருகினால் வேலை முடிந்தது. மைக்ரோசுவிட்ச் (‘டிக்’கென்று அழுந்தும் குட்டி சுவிட்ச்) தனியாக மாட்டும் வகைப் பட்டன் என்றால் மூன்று கால் இருக்கும்: காம் (பொதுக் கால்), என்ஓ (அழுத்தினால் இணையும்), என்சி (அழுத்தினால் பிரியும்). சுவிட்சின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். காம், என்ஓ இரண்டும்தான் நமக்கு. என்சியில் செருகினால் தொடாத பட்டன் அழுந்தியபடியே நிற்கும், அழுத்தினால்தான் விடும்.

வயர் முனைக் கிளிப்பிலும் அளவு உண்டு. சான்வா போன்ற ஜப்பான் பட்டனுக்கு 2.8 மி.மீ., மைக்ரோசுவிட்ச் வகைக்குப் பெரும்பாலும் 4.8. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்கு 6.3 எடுத்துக் கொடுத்து, ‘பிளையர்ல நசுக்கிக்குங்க சார், புடிச்சுக்கும்’ என்றார்கள். பிடிக்காது. நாலு நாள் விளையாடினால் கழன்று தொங்கும். சாலிடர் பண்ணினால்தான் உறுதி என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். சுவிட்ச் போனால் கேபினெட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மாற்றப்போவது நான்தானே.

ஜாய்ஸ்டிக்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். குச்சியை மேலே தள்ளினால் அழுந்துவது கீழ்ப்பக்க சுவிட்ச். இருக்கும் இடத்தைப் பார்த்து லேபிள் ஒட்டாமல், ஆட்டிப் பார்த்து ‘டிக்’ எங்கே கேட்கிறதோ அங்கே ஒட்டுங்கள். ஐ-பேக் மாதிரி கம்ப்யூட்டருக்குக் கீபோர்டாகத் தெரியும் போர்டு வாங்கினால் கிரவுண்ட் (எல்லாப் பட்டனுக்கும் பொதுவான வயர்) ஒரே சங்கிலியாகப் பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகும். அந்தச் சங்கிலியின் கடைசி முனையையும் போர்டுக்கே கொண்டுவந்து வளையமாக்கிவிடுங்கள். நடுவில் ஒரு கிளிப் கழன்றாலும் மிச்சப் பட்டன்கள் சாகாது.

இப்போது டிராக்பால். எனக்கு வேண்டியிருந்தது 1980-இல் அட்டாரி விட்ட மிசைல் கமாண்ட். மூன்று ஏவுதளம், அதற்கு மூன்று பட்டன், குறி வைக்க உருண்டை. அதை ஜாய்ஸ்டிக்கில் விளையாடுவதும் ஒன்றுதான், விளையாடாமல் இருப்பதும் ஒன்றுதான். உருண்டைக்கு அடியில் இரண்டு உருளை, ஒவ்வொன்றின் முனையிலும் பல்பல்லாக வெட்டிய சக்கரம். பற்களின் இடைவெளியில் அகச்சிவப்பு ஒளி விட்டு விட்டு விழும். ஒரு அச்சுக்கு இரண்டு சிக்னல். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் திசை தெரியும். பட்டன் போர்டு ‘அழுந்தியதா இல்லையா’ என்று மட்டும் பார்ப்பது, இந்த வேகத்தை அது எண்ணாது. யூஎஸ்பி மவுஸாகவே வரும் டிராக்பால் வாங்கினால் தொல்லை இல்லை. ஆறு வயரோடு வந்தால் (5 வோல்ட், கிரவுண்ட், எக்ஸுக்கு இரண்டு, ஒய்க்கு இரண்டு) ஒரு புரோ மைக்ரோ (ஆர்டுயினோ வகைக் குட்டி போர்டு) போதும். அது மவுஸாக நடிக்கும், சிக்னல் மாறிய உடனே கவனிக்கும் இன்டரப்ட் பின் ஐந்து இருக்கிறது, நமக்கு நான்கு. வயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இடது வலதாக ஓடினால் அந்த அச்சின் இரண்டு சிக்னல் வயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு) பின்னில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள், அது 3.3 வோல்ட்தான் தாங்கும். மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்) மவுஸை ஆன் செய்யவும் மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடித்து உருண்டையைச் சுற்றியிருந்த இரும்புத் தட்டில் கை வைத்தால் சுரீர் என்றது. ஒரு வாரம் வயரிங்கையே சந்தேகப்பட்டேன். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து ஹால் சுவரின் பிளக் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார்: எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும். பிளாஸ்டிக் பட்டனில் தெரியாது, இரும்பில் தெரியும். பிளாட் விற்கும்போது இத்தாலி மார்பிளைப் பற்றி அரை நாள் பேசிய பில்டர் ஒரு பச்சை வயர் இழுக்கவில்லை. அசோசியேஷனில் கேட்டால் ‘எங்க வீட்லயும் அப்படித்தான் சார், பிரிட்ஜைத் தொடும்போது செருப்புப் போட்டுக்குவோம்’ என்கிறார்கள். மாதா மாதம் மெயின்டனன்ஸ் மட்டும் ஒன்றாம் தேதியே கேட்பார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். அந்தத் தட்டில் உங்கள் பிள்ளையும்தானே கை வைக்கும்? முதலில் சுவரைச் சோதியுங்கள். எர்த் இருந்தால், டிராக்பால் தட்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் உடம்புக்கு ஒரு பச்சை வயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போடுங்கள்.