புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா? ஆணோடு உறவுள்ளவன் என்பதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

உங்களுக்கு 59 வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. அறுவையா, கதிர்வீச்சா என்பதை உங்கள் விருப்பத்துக்கே மருத்துவர் விட்டுவிட்டார். நீங்கள் ஆண்களோடு உறவு கொள்பவர் என்பதை அவரிடம் சொல்லாமலே முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கக் கூடாது என்பதே என் பதில். ‘வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை வைத்து, உங்களுக்கு மனைவியும் மக்களும் இருக்கிறார்கள் என்று கொள்கிறேன். தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 36 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். எங்கள் மாவட்டத்தை 1989இல் பிரித்தார்கள், 2019இல் வேலூரை மறுபடியும் மூன்றாகப் பிரித்தார்கள். ஆனாலும் என் மேசைக்கு வரும் மூலப்பத்திரங்களில் இன்றும் ‘வட ஆற்காடு ஜில்லா’தான். ஊர் எது என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ள எனக்கும் அந்தப் பழைய பெயர் வசதியாக இருக்கிறது. வயது 63. மணமாகவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒருவரோடு 21 ஆண்டுகளாக உறவில் இருக்கிறேன். ஊருக்கு அவர் என் ‘நண்பர்’, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். புராஸ்டேட்டை எடுத்து இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன.

‘இந்த வயதில் உயிர் பிழைத்தால் போதாதா, இதெல்லாம் ஒரு கவலையா’ என்று யாராவது எழுதுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். மனைவியோடு இருக்கும் அறுபது வயதுக்காரர் இதே நோயோடு போனால், தாம்பத்தியம் பாதிக்கும் என்று மருத்துவரே எடுத்துச் சொல்லி மாத்திரையும் எழுதித் தருகிறார். அவருக்கு நியாயமாக இருப்பது எங்களுக்கு மட்டும் எப்படி ஆபாசமாகிவிடுகிறது என்று தெரியவில்லை.

என் கதை இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. சிறுநீர் சொட்டுச்சொட்டாக வருகிறது என்று போனபோது புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள், 7.4 என்று வந்தது. இரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை காலை, நண்பர் வந்து போனது ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் விந்து வெளியேறக் கூடாது, ஆசனவாய் வழியாக உறவை ஏற்பவராக இருந்தால் ஒரு வாரம் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் சுரப்பி அழுந்தி அந்த அளவு ஏறிவிடக்கூடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் விரதம் இருப்பதுபோல் இருந்து மறுபடி கொடுத்தேன், 6.6. ஆகவே என் விஷயத்தில் நோய் உண்மைதான். ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் இன்னொருவருக்கு இந்த வித்தியாசமே தேவையில்லாமல் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிவரை கொண்டு போய்விடலாம். அங்கேயே சொல்லாமை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எல்லாம் முடிந்து, புற்றின் வீரியத்தைச் சொல்லும் க்ளீசன் எண் 3+4, மொத்தம் 7 என்று அறிக்கை வந்தது. நடுத்தர அபாயம். நான் முதலில் பார்த்த மருத்துவர் (எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்) அறிக்கையைப் பார்த்தபடியே, “எத்தனை பிள்ளைங்க?” என்றார். “கல்யாணம் ஆகலைங்க” என்றேன். “அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை” என்று சொல்லி அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அவ்வளவுதான். பக்கவிளைவுகளைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அந்தப் புரட்டலில் முடிந்துபோனது. “கத்தி இல்லை, ரத்தம் இல்லை, நாலு வாரம் கரண்ட் வச்சா போதும், நடந்து வந்து நடந்து போகலாம்” என்றார். கரண்ட் என்றது கதிர்வீச்சைத்தான். கத்தி இல்லை என்ற சொல்லே எனக்கு இனித்தது. ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் வெளியே வந்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்குப் பொருந்தாத ஒரு மனிதனுக்குச் சரியான ஆலோசனையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதாமல் சொத்தைக் காட்ட முடியாது. புராஸ்டேட்டுக்கும் அப்படி எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்: மேல் எல்லை சிறுநீர்ப்பை, பின் எல்லை மலக்குடலின் முன்சுவர், அதனால்தான் மருத்துவர் விரலை உள்ளே விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்க முடிகிறது, இரு பக்கமும் விறைப்புக்குரிய நரம்புகள், நடுவே போகும் பாதை சிறுநீர்க்குழாய். இந்த எல்லைகளில் எதில் கைவைத்தாலும் அண்டை வீட்டுக்குச் சேதம் உண்டு. கரண்ட் வைத்தால் பின் எல்லையில் இருக்கும் மலக்குடலின் உட்படலம் புண்ணாகலாம், எரிச்சலும் அவசரமும் வரலாம், சிலருக்குப் பல மாதங்கள் கழித்து இரத்தமும் கசியும். விறைப்பு உடனே போகாமல் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். கரண்டோடு சிலருக்கு ஹார்மோன் ஊசியும் போடுவார்கள். அது போடும் காலத்தில் ஆசையே வற்றிவிடும். அறுவையென்றால் பக்கத்து நரம்புகள் அடிபட்டு விறைப்பு முதல் நாளிலிருந்தே படுத்துவிடலாம், சிறுநீர் கசியும், விந்துப்பைகளையும் சேர்த்தே எடுப்பதால் உச்சத்தில் ஒரு துளியும் வெளியே வராது. ஆனால் மலக்குடலுக்கு வழக்கமாகச் சேதமில்லை.

நம்மவர்கள் பேச்சில் கோத்தி, பந்தி என்று சொல்வதை மருத்துவ மொழியில் ஏற்பவர், செய்பவர் என்கிறார்கள். பந்தியாக இருப்பவருக்கு முதல் கேள்வி விறைப்பு. மாத்திரை போட்டு ஓரளவு திரும்பி வரும் விறைப்பு பெண்ணோடு போதுமானதாக இருக்கலாம், ஆசனவாய் வழிக்கு அதைவிட உறுதி வேண்டும் என்பதை எந்த மருத்துவரும் கேட்காமல் சொல்வதில்லை. கோத்தியாக இருப்பவருக்குப் பின் எல்லைதான் உயிர். அதோடு அந்தச் சுரப்பி அழுந்தும்போது கிடைக்கும் இன்பம் ஒன்று உண்டு. அறுவை செய்தால் அது சுரப்பியோடு போய்விடும். இரண்டுமாக இருப்பவர்கள் எதை விட்டு எதைக் காப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போடத்தான் வேண்டும்.

‘உயிரா, சுகமா என்றால் உயிரைத்தானே பார்க்க வேண்டும்’ என்பீர்கள். பிரிட்டனில் உங்களைப் போல் நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1643 ஆண்களை (உடனே சிகிச்சை செய்யாமல்) கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றையும் சேர்த்து இந்நோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேருக்கும் குறைவு. மூன்று பிரிவுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கு நோய் பரவுவது மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் நடுவில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லையென்றால், முடிவு செய்ய மிஞ்சுவது பக்கவிளைவுதானே? அதை எடைபோட வேண்டுமென்றால் நீங்கள் யார் என்று தராசு பிடிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

வேலூரில் வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனேன். வாயால் சொல்ல வரவில்லை. ஊரார் சொத்துச் சண்டைகளையெல்லாம் வார்த்தையில் வடித்தவனுக்குத் தன் விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் முந்தைய இரவு எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்றாவது தாளில்தான் அமைந்தது: ‘61 வயதுள்ள நான் மணமாகாதவன். 19 ஆண்டுகளாக ஓர் ஆணோடு உறவில் இருக்கிறேன். அவ்வுறவில் நான் ஏற்பவன். சிகிச்சைக்குப் பிறகும் அது தொடர வேண்டுமென்று விரும்புகிறேன். இதை மனத்திற்கொண்டு எனக்குத் தகுந்த சிகிச்சை எது என்று சொல்ல வேண்டுகிறேன்.’ கீழே கையெழுத்தும் போட்டேன், பழக்கதோஷம்.

அவர் படித்தார். நான் மேசைமேலிருந்த காகிதக் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு நின்ற பெண்ணை ஏதோ எடுத்து வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, “விறைப்பு முக்கியமா, பின்பக்கம் முக்கியமா?” என்று இரத்த அழுத்தம் விசாரிக்கும் குரலில் கேட்டார். பின்பக்கம் என்றேன். “அப்படின்னா ஆபரேஷன் பக்கம் யோசிங்க. கட்டி வலது பக்கம்தான் இருக்கு, இடது பக்கத்து நரம்பைக் காப்பாத்தப் பார்க்கிறேன்” என்றார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோப்பில் வைக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒப்புதல் படிவத்தில் உடனிருப்பவருக்கு ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘நண்பர்’ என்று எழுதினேன். அலுவலர் அதை அடித்துவிட்டு, ரத்த சொந்தம் வேண்டும் என்றார். சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதமே சட்டத்துக்கு வேண்டியது என்பதை 2008இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது; அந்தக் கட்டத்தில் நின்றுகொண்டு யாரிடம் அதை வாதாடுவது? அக்கா மகனை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினேன். ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து விடியற்காலையில் காட்பாடியில் இறங்கி வந்த நண்பர் வராந்தாவில் நின்றிருந்தார், ஆண்டுக்கு இரண்டு முறை கல்யாணங்களில் பார்க்கும் பையன் எனக்குப் பொறுப்பாளியானான். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம், எங்கள் வேலூர் மாவட்டத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. படிவத்திலிருக்கும் கட்டத்துக்கு அது எப்போது எட்டுமோ.

வெளியே விட்டதும் சிறுநீர் டியூபோடு பத்து நாள் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். சிறுநீர் வந்து சேரும் பையைப் பிளாஸ்டிக் பக்கெட்டின் விளிம்பில் மாட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று ஷூ கம்பெனி டைரியில் நண்பர் குறித்துக்கொண்டே வந்தார். தோலை அளந்து வெட்டுகிற கையல்லவா, ஐந்து மில்லிகூட விடமாட்டார். மூன்றாம் நாள் பார்க்க வந்த அக்கா மகன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மாமா, அவரு இருக்கார்ல, நான் ஊருக்குப் போறேன்” என்றான். அவனுக்கு என்ன புரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

டியூப் எடுத்த பிறகு நான்கு மாதம் டயப்பர். இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சியை விடாமல் செய்தேன். இப்போது தும்மினால் மட்டும் கசியும், உச்சத்தின்போதும் கொஞ்சம். முதல் தடவை கூனிக் குறுகிப்போனேன். அவர் ஒரு துண்டை எடுத்துப் போட்டார், அத்தோடு சரி. ஆறு வாரம் கழித்துதான் பின்வழி உறவு என்று மருத்துவர் சொல்லியிருந்தார், நாங்கள் மூன்று மாதம் பொறுத்தோம். வலியில்லை. ஆனால் பழைய சுகத்தில் ஒரு பகுதி இல்லை, இனி வராது. இதை உங்களிடம் மழுப்ப மாட்டேன். விறைப்பு சில்டெனாஃபில் போட்டால் பாதி. அந்த மாத்திரையைத் தானாக மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள்; நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மருந்து எடுப்பவராக இருந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. விந்து வராததால் நோய் தொற்றாது என்று நினைத்து ஆணுறையை விட்டுவிடுவதும் தவறு; அதுவும் கரண்ட் வைத்து மெலிந்த படலம் எளிதில் கிழியும். எச்.ஐ.வி. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

உங்கள் சங்கடம் என்னுடையதைவிடப் பெரிது, ஏனென்றால் ஆலோசனைக்கு உங்கள் மனைவியும் கூடவே வந்து உட்காருவார். மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சிறுநீர்ப் பிரச்சினைக்காரர்கள் தனியாகப் பேசக் கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி அவர் கடமை; ஆனாலும் கோப்பில் எழுத வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், கோப்பு வீட்டு அலமாரிக்குத்தான் போகும். நீங்கள் சொன்னதும் அவர் முகம் சுளித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். உங்களைப்போல் நோய் சுரப்பிக்குள்ளேயே இருப்பவர்களுக்குச் சில வாரம் யோசிக்க இடம் உண்டு, முதலில் பார்த்தவரிடமே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

வாயால் வரவில்லையென்றால் எழுதிக் கொண்டு போங்கள். எழுதவும் வரவில்லையென்றால், நீங்கள் ஏற்பவரா, செய்பவரா, எதை இழக்க முடியாது என்று இரண்டு வரியில் தனிச்செய்தி அனுப்புங்கள். தாளை நான் எழுதித் தருகிறேன். எழுத்துக்கூலி வேண்டாம்.