கணையத்தில் செத்த பகுதி: அறுவை சிகிச்சை எப்போது?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. கடுமையான கணைய அழற்சியால் பத்து நாட்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். கணையத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்று சி.டி. ஸ்கேன் சொல்கிறது; ஆனாலும் அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

பதில்: ‘அறுக்க மறுக்கிறார்கள்’ என்பதற்காக மாற்றாதீர்கள். அவர்கள் சொல்வது சரி.

முதல் இரண்டு வாரங்களில் கணையத்தில் எது செத்த திசு, எது உயிருள்ள திசு என்று பிரித்தறிவது கடினம். அப்போது வயிற்றைத் திறந்தால் ரத்தம் கொட்டும். நுரையீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே திணறும் உடல் அதைத் தாங்காது. ஏறத்தாழ நான்கு வாரங்களில் செத்த பகுதியைச் சுற்றி ஒரு சுவர் உருவாகி, உள்ளே இருப்பது ஓரளவு குழைந்துவிடும். பிறகு அதை வெளியேற்றுவதில் ஆபத்து குறைவு. கிருமித் தொற்று இல்லாமல், தொல்லையும் தராமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டியதில்லை.

தொற்று ஏற்பட்டால்? காய்ச்சல் திரும்பும், ரத்த அழுத்தம் சரியும், ஸ்கேனில் கணையப் பகுதியில் வாயுக் குமிழிகள் தெரியலாம். அப்போதும் முதலில் ஆன்டிபயாடிக்தான். அது போதாவிட்டால் தோல் வழியாகவோ, எண்டோஸ்கோப் மூலம் இரைப்பைச் சுவர் வழியாகவோ குழாய் செலுத்திச் சீழை வடிப்பார்கள். அதற்கும் அடங்காதபோதுதான் செத்த திசுவை அகற்றுவார்கள். அதையும் சிறு துளை வழியாகவே செய்யப் பார்ப்பார்கள். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் படிப்படியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குக் குழாய் வடிப்பே போதுமானதாக இருந்தது. எடுத்த எடுப்பில் வயிற்றைத் திறந்தவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் அதிகம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு: குடல் ஓட்டையாவது அல்லது அழுகுவது, வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி உறுப்புகள் முடங்குவது, ரத்தக் கசிவு. கசிவை முதலில் ரத்தக்குழாய் வழியாக அடைக்க முயல்வார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எண்டோஸ்கோப்பி நிபுணர், ஸ்கேன் பார்த்துக் குழாய் போடும் கதிரியக்க நிபுணர், கணைய அறுவை சிகிச்சை நிபுணர் ஆகிய மூவரும் அங்கே இருக்கிறார்களா? இல்லையென்றால், பயணத்தைத் தாங்கும் நிலையில் அண்ணன் இருக்கும்போதே மாற்றுவது பற்றி மருத்துவர்களிடம் பேசுங்கள்.

காரணம் பித்தப்பைக் கல்லா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் பித்தப்பையை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அழற்சி திரும்ப வரலாம். லேசான அழற்சியில் வீடு திரும்பும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு, கணையத்தைச் சுற்றியுள்ள வீக்கமும் நீர்த் தேக்கமும் அடங்கிய பிறகு.